புகைக்குழாயின் உஷ்ணம்

1952-ஆம் ஆண்டில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சிக்கு, கார்ன்வால் கடற்கரையில் பிறந்தவரும் 1931-இல் மாண்டே கார்லோ ராலியில் முதலிடம் பெற்றவருமான டொனால்டு ஹீலி, வார்விக் நகரிலிருந்த தமது சிறிய தொழிற்சாலையில் உருவான இரண்டு ஆசனத் திறந்த கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் தாழ்ந்த முகப்பையும் பக்கவாட்டில் வளைந்து இறங்கும் கோட்டின் லாவண்யத்தையும் கண்டு ஜனங்கள் மொய்த்த அந்த நாட்களிலேயே, ஆஸ்டின் கம்பெனியின் தலைமையில் இருந்த லெனார்டு லார்டு அதைத் தம்முடைய பெரிய தொழிற்சாலையில் செய்து விற்க உடன்பட்டார். ஆஸ்டின்-ஹீலி என்ற இரட்டைப் பெயர் அவ்விதம் பிறந்தது. அந்த வம்சத்துக் கார்களை இன்றும் பல தேசங்களில் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் ரசிகர்களில் யாரைக் கேட்டாலும், அதன் ஓட்டத்தையும் ஓசையையும் பற்றிய புகழ்மொழிகளுக்கு நடுவே ஒரு புகாரும் தவறாமல் வந்து சேரும்: கோடையில் சற்று நேரம் ஓட்டினால் பாதம் வைக்கும் இடம் சுடுகிறது; ஓட்டுபவர் கூரையைத் திறந்துவைத்துக் காற்றில் பறந்தாலும் முழங்காலுக்குக் கீழே சூளையருகில் நிற்பதுபோல் வெந்துபோகிறார்.

இந்தப் புகாருக்குக் காரணம் அந்தக் காரின் சரித்திரத்திலேயே இருக்கிறது. முதலில் அதில் வைக்கப்பட்டது நான்கு சிலிண்டர்கள் கொண்ட யந்திரம். 1956-இல் அதற்குப் பதிலாக ஆறு சிலிண்டர் யந்திரம் ஒன்றைப் பொருத்தினார்கள். 1959-இல் அதையே 2912 கன சென்டிமீட்டர் கொள்ளளவுக்குப் பெருக்கி, ‘3000’ என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்கள். இது ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற கனத்த குடும்பக் காருக்காகப் பிறந்த யந்திரம். நீளமும் எடையும் மிக்கது. அதைச் சிறிய உடலுக்குள் அடக்கியபோது, யந்திரத்தின் வால்பக்கம் ஓட்டுநரின் காலடிக்குச் சமீபமாக வந்து நின்றது. கியர்பாக்ஸ் இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே புகுந்தது. புகைக்குழாயோ, தரையோடு தரையாக ஓடும் அந்தக் காரின் அடித்தளத்துக்கும் சாலைக்கும் இடையே கிடைத்த குறுகிய சந்தில் ஓடியது. இங்கிலாந்தின் குளிர்ந்த மழைத்தூற்றலில் இது ஒரு பெரிய குறையாகத் தோன்றியிராது. ஆனால் செய்த கார்களில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. கலிபோர்னியாவின் ஜூலை மாத வெயிலில் அதே கார் வேறொரு ஸ்வபாவத்தைக் காட்டியது.

புகைக்குழாயின் உஷ்ணம் எத்தனை என்பதை முதலில் உணர வேண்டும். நாம் வாங்கி ஊற்றும் பெட்ரோலில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான், அல்லது அதற்குச் சற்று மேல்தான், சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ரேடியேட்டர் நீரின் வழியாகக் காற்றில் கலக்கிறது. 1964-இல் வந்த ஹீலி 3000-இன் கடைசி வடிவம் 148 குதிரைச் சக்தி, அதாவது 110 கிலோவாட், வெளியிடக்கூடியது. முழு வேகத்தில் அந்த யந்திரம் உழைக்கும்போது அதே அளவுக்குக் குறையாத சக்தி வெறும் உஷ்ணமாகப் புகைக்குழாய் வழியே பாய்ந்துகொண்டிருக்கும். யந்திரத்தை விட்டு வெளியேறும் புகை, காலியோட்டத்தில் சில நூறு டிகிரியும், கடும் உழைப்பில் 800 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடாயிருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதை நினைத்தால், சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாயில் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கனத்த வார்ப்பிரும்பில் செய்த காரணம் விளங்கும்.

இந்த உஷ்ணம் மனிதன் காலை அடைய மூன்று மார்க்கங்கள் உண்டு. உலோகத்தைத் தொட்ட உலோகம் சூடாவது வெப்பக்கடத்தல். சூடான காற்று எழுந்து சென்று இன்னோரிடத்தைச் சுடுவது வெப்பச்சலனம். இடையே எதுவும் இல்லாவிட்டாலும் சூரிய கிரணம்போல் நேரே பாய்ந்து தாக்குவது கதிர்வீச்சு. முதல் இரண்டும் உஷ்ணத்தின் ஏற்றத்தோடு கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் கூடுகின்றன, மூன்றாவது அப்படிப்பட்டதன்று. ஜோசப் ஸ்டெஃபான் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1879-இல் கண்டு சொல்லி, அவருடைய சீடர் போல்ட்ஸ்மான் 1884-இல் நிரூபித்துக் காட்டிய விதியின்படி, ஒரு பொருள் வீசும் கதிர்வெப்பம், பூஜ்யத்துக்குக் கீழ் 273 டிகிரியிலிருந்து கணக்கிடும் அதன் உஷ்ணநிலையின் நான்காவது அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. 300 டிகிரியில் இருக்கும் குழாயைக் காட்டிலும் 600 டிகிரியில் இருக்கும் குழாய் இரண்டு மடங்கு அல்ல, ஐந்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தை வீசுகிறது. ஆகவே குழாயின் மேற்பரப்பைக் கொஞ்சம் குளிரவைத்தாலும் கிடைக்கும் லாபம் பெரிது. கொஞ்சம் கூடுதலாகச் சுட விட்டாலும் வரும் தண்டனை பெரிது. இந்தக் கட்டுரையில் இனிச் சொல்லப்போகும் உபாயங்கள் பலவற்றுக்கும் இந்த விதிதான் அஸ்திவாரம்.

கடைகளில் விற்கும் வெப்பத்தடுப்பு நாடாக்களையும் பளபளக்கும் விரிப்புகளையும் வாங்கிவந்து ஒட்டுவதிலிருந்து வேலையைத் தொடங்குவது பலருடைய வழக்கம். அது தலைகீழான முறை என்பது என் அபிப்பிராயம். யந்திரம் அவசியத்துக்கு மேல் உஷ்ணத்தைப் புகைக்குழாயில் தள்ளுகிறதா என்பதைப் பார்ப்பதே முதல் கடமை. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகம் கூடும்போது விரிந்து பொறியை முன்கூட்டி விழச்செய்யும் சிறு எடைகள் இருக்கின்றன. அறுபது வருஷப் பழமையில் அவை துருப்பிடித்து இறுகிப்போவதுண்டு. லேசான பாரத்தில் அதே காரியத்தைச் செய்யும் வாக்குவம் கருவியின் மெல்லிய ஜவ்வு கிழிந்துபோவதும் உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால், பெட்ரோல் எரிய வேண்டிய காலத்துக்குப் பிந்தி எரிகிறது. பிஸ்டனைத் தள்ளி வேலை செய்திருக்க வேண்டிய உஷ்ணம், வால்வு திறந்தவுடன் எரிந்துகொண்டே மேனிஃபோல்டுக்குள் போய்விழுகிறது. கார் மந்தமாகும்; பெட்ரோல் செலவு கூடும்; மேனிஃபோல்டோ இருட்டில் செக்கச்செவேலென்று ஒளிரத் தொடங்கும். கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு சற்றே குறைந்து காற்று மிஞ்சிவிட்டாலும் புகையின் சூடு ஏறும். டைமிங் லைட்டைக் கையில் பிடித்து, யந்திரத்தின் வேகத்தை ஏற்றி இறக்கி, பொறி முன்னேறுகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக் அரை நாளில் சாதிப்பதை, விலையுயர்ந்த எந்த விரிப்பும் சாதிக்காது.

யந்திரம் நேர்மையாக எரிகிறது என்று நிச்சயமான பிறகு, புகையின் சூட்டைக் குழாய்க்குள்ளேயே அடைத்து வால்முனை வரை அழைத்துச் சென்று வெளியே விடுவது அடுத்த வேலை. ஜாகுவார் கம்பெனி 1948-இல் வெளியிட்ட எக்ஸ்கே யந்திரத்திலும், 1961-இல் ஜெனீவாவில் உலகத்தை மயக்கிய ஈ-டைப் காரிலும், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் மேல் கறுத்த பீங்கான் பூச்சை உருக்கிப் படியவைத்தார்கள். துருவைத் தடுத்ததோடு பானெட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கும் அது ஒரு விருந்தாக அமைந்தது. இக்காலத்தில் சிர்கோனியா முதலான உலோக ஆக்ஸைடுகளைக் கொண்ட செராமிக் பூச்சுகள் அந்தப் பரம்பரையின் தேர்ந்த வாரிசுகள். மேனிஃபோல்டைக் கழற்றி, மணல் பாய்ச்சித் துரு நீக்கி, உள்ளும் புறமும் பூசி, அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் ஒருமுறை செய்தால் நெடுநாள் நிலைக்கும், பழைய காரின் தோற்றத்தையும் அது கெடுப்பதில்லை. மேனிஃபோல்டை எப்படியும் கழற்ற வேண்டிய ஒரு சந்தர்ப்பம் வாய்க்குமானால், நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கண்ணாடி இழையிலோ எரிமலைப் பாறையை உருக்கி எடுத்த பஸால்ட் இழையிலோ நெய்த நாடாவைக் குழாயின் மேல் சுற்றுவது மலிவான மாற்றுவழி. அது பலன் தருவது உண்மை. பந்தயக் கார்களில் தாராளமாகப் பயன்படுவதும் உண்மை. ஆயினும் பந்தயக்காரன் சில பந்தயங்களுக்கு ஒருமுறை குழாயை மாற்றிவிடுவான். நாமோ இருபது வருஷம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சுற்றிய நாடாவுக்குள் குழாயின் உலோகம் முன்னைவிட அதிகச் சூட்டில் வேகிறது. சாதாரண எஃகானால் செதில்செதிலாக உதிர்கிறது. மழையிலும் கழுவும்போதும் இறங்கிய ஈரம் நாடாவில் தங்கி, கார் கொட்டகையில் நிற்கும் மாதங்களில் உள்ளேயே துருவை வளர்க்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைச் சுற்றினால் சமமில்லாத சூட்டினால் அது வெடித்துப்போகும் அபாயமும் இருக்கிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து எண்ணெய்க் கசிவு. அக்காலத்து இங்கிலீஷ் யந்திரங்களின் மூடிவிளிம்புகளில் எண்ணெய் ஊறுவது சகஜம். அந்த எண்ணெயை நாடா உறிஞ்சிவைத்துக்கொண்டு, ஒரு நாள் குழாயின் மேலேயே பற்றிக்கொள்ளும். கசிவை நிறுத்தாமல் நாடா சுற்றுவது தவறு என்று திட்டமாகச் சொல்லலாம்.

பூச்சுக்கும் நாடாவுக்கும் அப்பால், குழாய்க்கும் காலடிக்கும் இடையே ஒரு கேடயத் தகட்டை நிறுத்துவது கதிர்வீச்சை மறிக்கும் சிறந்த உபாயம். துலக்கிய அலுமினியத் தகடு தன்மேல் விழும் கதிர்வெப்பத்தில் இருபதிலொரு பங்கைத்தான் ஏற்கிறது. மற்றதைத் திருப்பி எறிந்துவிடுகிறது. ஆனால் தகடு குழாயையும் தொடக்கூடாது, தளத்தையும் தொடக்கூடாது. இருபுறமும் விரற்கடை இடைவெளி விட்டு, காற்று முன்னால் புகுந்து பின்னால் போகும்படி இரு முனையும் திறந்திருக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் தகடு கேடயமாகாது. அது உஷ்ணத்தைக் கடத்தும் பாலமாகிவிடும். ஒரு தகட்டுக்குப் பதிலாக இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய தகடுகள் வைத்தால் இன்னும் நல்லது. தகட்டின் குணம் அதன் பளபளப்பிலேயே இருப்பதால், சேறும் எண்ணெய்ப் புகையும் படிந்து கறுத்த தகட்டைத் துடைப்பதும் பராமரிப்பின் ஓர் அங்கம் என்று கொள்ள வேண்டும். இந்தத் தத்துவத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனவர் கோர்டன் மரே. 1992-இல் வெளிவந்து, மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட மக்லாரன் எஃப் 1 காரில், யந்திர அறையின் உட்சுவர்களுக்கு அவர் தங்கத் தகடு ஒட்டச் செய்தார். அகச்சிவப்புக் கிரணங்களைத் திருப்பியனுப்புவதில் தங்கத்துக்கு இணையான உலோகங்கள் மிகச் சில என்பதே அதற்குக் காரணம்.

கேடயம் பொருத்துபவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. குழாய் சூடேறும்போது நீளுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் வளரும்; எவர்சில்வர் குழாயானால் 9 மில்லிமீட்டர். துருப்பிடிக்காது என்பதற்காக எவர்சில்வர் குழாயை மாற்றிக்கொண்டவர்கள், ஆறிய நிலையில் அளந்து இறுக்கமாகப் பிணைத்துவிட்டு, ஓடியபின் அது வளைந்து தளத்தில் இடிப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. குழாயை ரப்பர் தொங்கல்களில் அசைய விட்டே தொங்கவிட வேண்டும்.

இனிக் காற்றின் விஷயம். எத்தனை தடுத்தாலும் யந்திர அறைக்குள் ஓரளவு உஷ்ணம் சேரத்தான் செய்யும். அதை வெளியேற்ற வழி வேண்டும். முன்முகத்தில் காற்று புகும் வாயைப் பெரிதாக்கினால் குளிர்ச்சி கூடும் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் வெளியேறும் வாசல் சிறிதாயிருந்தால் உள்ளே புகும் காற்று தேங்கி நிற்குமேயன்றி ஓடாது. ஹீலியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள கம்பியழியிட்ட சிறு திறப்பு வெறும் அலங்காரமன்று. சூடான காற்று வெளியேறும் வாசல் அது. ஆஸ்டினை உள்ளடக்கிய பிஎம்சி கம்பெனியின், அபிங்டனில் இருந்த போட்டிப் பிரிவினர் ராலிகளுக்காக ஹீலியைத் தயாரித்தபோது, அந்தத் திறப்பு போதாதென்று கண்டு முன்பக்கத் தகட்டில் பெரிய வாசலை வெட்டினார்கள். புகைக்குழாயையும் வால்வரை கொண்டுபோகாமல் பக்கவாட்டிலேயே வெளியே திருப்பிவிட்டார்கள். கல்லும் குழியுமான சாலைகளில் குழாய் தரையில் இடித்து நசுங்காமலிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு, தளத்தின் கீழ் ஓடும் சூடான குழாயின் நீளத்தையும் குறைத்தது. பாட் மாஸ் என்ற பெண்மணி, ஆன் விஸ்டம் என்னும் தோழியோடு, 1960-ஆம் ஆண்டின் லீஜ்-ரோம்-லீஜ் ராலியில், ஐரோப்பாவின் மலைப்பாதைகளில் இரவும் பகலும் ஓய்வின்றி ஓட்டி, ஆண்கள் அனைவரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றது ஒரு ஹீலி 3000-இல்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே கால் சுடும் அந்த ஆசனத்தில் நாட்கணக்கில் அவர்கள் இருந்தார்கள் என்பதை எண்ணும்போது, அந்த வெற்றியின் மீது என் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது.

பானெட்டின் பின்விளிம்பைச் சற்றே தூக்கி நிறுத்தினால் சூடான காற்று போய்விடும் என்பது பலரும் கையாளும் யுக்தி. கார் நிற்கும்போது அது உதவும். வேகமாக ஓடும்போதோ, முன்கண்ணாடியின் அடியில் காற்று மோதி அழுத்தம் கூடியிருப்பதால், வெளியே போக வேண்டிய காற்று எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, காலடியை நோக்கியே வரக்கூடும். ஈ-டைப் காரின் நீண்ட பானெட்டில் வரிவரியாக வெட்டிய திறப்புகளை அந்த அழுத்தப் பிரதேசத்துக்கு முன்னாலேயே அமைத்திருப்பதைக் கவனித்தால், காற்றின் போக்கை விமானத் தொழிலில் பயின்றிருந்த மால்கம் சேயரின் கை அதில் தெரியும்.

ஓட்டுநர் அமரும் அறைக்குள் உஷ்ணம் புகும் துவாரங்களை அடைப்பது செலவில்லாத வேலை. அதனாலேயே அலட்சியப்படுத்தப்படும் வேலை. ஸ்டியரிங் தண்டு, பெடல்கள், சோக் கம்பி, மின்கம்பிகள் ஆகியவை நுழையும் ஒவ்வொரு துளையிலும் இருந்த ரப்பர் வளையம் காலத்தில் கல்லாகி உதிர்ந்திருக்கும். கியர்பாக்ஸை மூடும் கழற்றக்கூடிய மூடியின் விளிம்பில் இருந்த அடைப்பு, எப்போதோ ஒரு மெக்கானிக் கழற்றி மாட்டியபோது போயிருக்கும். இரவில் காருக்குக் கீழே ஒரு விளக்கை ஏற்றிவைத்து உள்ளே அமர்ந்து பார்த்தால், வெளிச்சம் வரும் வழியெல்லாம் உஷ்ணம் வரும் வழி என்று தெரிந்துகொள்ளலாம். குளிர்காலத்துக்காக அமைத்த ஹீட்டரின் குழாய்த்திருகு சரியாக மூடாமல், கோடை முழுவதும் கொதிநீர் காலருகே ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. அதையும் பார்க்க வேண்டும். துவாரங்களை அடைப்பதில் சுகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: வெடிப்புக் கண்ட மேனிஃபோல்டிலிருந்து கசியும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் பறிக்க வல்லது. அது உள்ளே வரும் வழியும் இதே துவாரங்கள்தாம். 1963-இல் அறிமுகமான போர்ஷே 911-இல் புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை அமைத்து, அதில் சூடான காற்றையே குளிர்காலத்தில் அறைக்குள் அனுப்பினார்கள். வேண்டாத உஷ்ணத்தை வேண்டியதாக்கிய அழகிய யோசனைதான். ஆனால் அந்த உறைக்குள் குழாய் அரித்துப்போனால் நச்சுவாயுவும் அதே வழியில் வந்துவிடும் என்பதால், அக்கார்களின் சொந்தக்காரர்கள் அதை வருஷந்தோறும் பரிசோதிப்பது நல்லது.

பழைய வெப்பத்தடுப்புப் பலகைகளைக் கழற்றும்போது ஒரு ஜாக்கிரதை அவசியம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே அக்காலத்தில் வைத்த தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் ஒட்டப்பட்டிருப்பதுண்டு. அதைச் சுரண்டினாலும் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தாலும் எழும் துகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். இங்கிலாந்தில் 1999-இல் கல்நார் உபயோகத்தை முற்றிலும் தடைசெய்துவிட்டார்கள். அத்தகைய தகட்டை ஈரப்படுத்தி, உறையிலிட்டு, அதற்குரிய முறையில் அகற்றிவிட்டு, புதிய தகட்டைப் பொருத்துவதே விவேகம்.

கடைசியாகப் பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அபாயம் மிகுந்திருப்பது இங்கேதான். ஹீலியின் யந்திரத்தில் பெட்ரோல் புகும் கார்புரேட்டர்களும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கார் ஓடும்போது காற்றும், இடைவிடாது வந்து செல்லும் குளிர்ந்த பெட்ரோலும் கார்புரேட்டரைக் காப்பாற்றிவிடுகின்றன. காரை நிறுத்தியவுடன் இரண்டும் நின்றுபோக, கனத்த வார்ப்பிரும்பில் தேங்கிய சூடு மேலே எழுந்து, அடுத்த கால்மணி நேரத்துக்குக் கார்புரேட்டரின் சிறு தொட்டியை வேகவைக்கிறது. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரிக்குச் சற்று மேலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆவி அடைத்துக்கொள்வதால் பெட்ரோல் பங்கிலோ தேநீர்க் கடையிலோ நிறுத்திய கார் மறுபடி கிளம்ப மறுக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத பேக்கலைட் தட்டை வைப்பதும், நடுவில் உள்ள கேடயத் தகட்டைச் செப்பனிடுவதும், நிறுத்தியவுடன் சில நிமிஷம் பானெட்டைத் திறந்துவைப்பதும் இதற்கு மருந்து.

இக்காலத்துப் பெட்ரோல் இந்தத் தொல்லையை வளர்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே சாதாரணப் பெட்ரோலாயிற்று. நம் நாட்டில் கலப்பு 20 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எத்தனால் சேர்வதால் பெட்ரோலின் ஆவியழுத்தம் மாறுவது ஒருபுறமிருக்க, பழைய ரப்பர்க் குழாய்களை அது மெல்ல மெல்ல ஊறவைத்து, வெடிக்கவைத்து, வெளியே வழுவழுப்பாகத் தோன்றும்போதே உள்ளே பிய்த்துவிடுகிறது. 600 டிகிரி சூட்டில் இருக்கும் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் மேலே அத்தகைய குழாய் ஒன்று சொட்டினால் நடக்கப்போவதை விவரிக்க வேண்டியதில்லை. அருமையான பல பழைய கார்கள் அவ்வாறே சாம்பலாகியிருக்கின்றன. ஆகையால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்போர், பூச்சும் தகடும் பிறகு ஆகட்டும், பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் புதிய ரப்பர்க் குழாய்களாக இந்த வருஷமே மாற்றிவிட வேண்டும். ஒரு தீயணைப்புக் கருவியை, பெட்டிக்குள் அல்ல, ஆசனத்தில் இருந்தபடியே கை எட்டும் இடத்தில், பொருத்திவைக்கவும் வேண்டும்.